கேலரிக்குப் போனா எப்படித்தான் பாக்குறது? இருவது நிமிசத்துல வெளிய வந்துட்டேன்

கரிமேட்டுக்காரன் · சனி, இரவு 10:12

போன வாரம் சொந்தத்துல ஒரு கல்யாணம், மெட்ராஸ் போயிருந்தோம். ரிட்டர்ன் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல, முகூர்த்தம் முடிஞ்சு மதியச் சாப்பாடும் ஆச்சு, நடுவுல அரை நாள் சும்மா கெடக்கு. என் மக ஏழாவது படிக்கிறா, நல்லா வரைவா, சரி அவளுக்காகன்டு ஒரு ஓவியக் கண்காட்சிக்கு கூட்டிப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ள ஒரு சத்தம் இல்ல, டெஸ்க்ல ஒரு பொண்ணு தலையத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப லேப்டாப்ல குனிஞ்சிருச்சு. முப்பது முப்பத்தஞ்சு படம் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சின்ன லேபிள், வரிசையா படிச்சேன், பாதிக்கு மேல 'தலைப்பு இல்லை, அக்ரிலிக்'னே இருக்கு. இருவது நிமிசம். வெளிய வந்துட்டோம்.

அப்புறம் எக்மோர் மியூசியம், அங்க வெங்கலச் சிலை இருக்குற ஹாலு. முதல் அஞ்சு சிலை பிரமாதமா இருந்துச்சு, அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு போலவே தெரிய ஆரம்பிச்சிருச்சு, கால் வலி வேற, மக கீழயே உக்காந்துட்டா. நூத்தி நாப்பது போட்டோ எடுத்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணக்கூட திறந்து பாக்கல.

நான் மோட்டார் காயில் கட்டுறவன், படிப்பு ஐடிஐ. இதெல்லாம் நம்மளுக்கு இல்லையோன்டு தோணுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எப்படித்தான் பாக்கணும்?

---

வெட்டிப்பேச்சு · சனி, இரவு 10:31

இதுல ஒண்ணும் ரகசியம் இல்லண்ணே. எவனுக்கும் புரியல, புரிஞ்ச மாதிரி கைய பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாய்ங்க. நீங்க உண்மையச் சொல்லிட்டீங்க, அம்புட்டுதான் வித்தியாசம்.

---

டிராயிங்_சார் · ஞாயிறு, காலை 6:05

தம்பி, முப்பத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்துல ஓவிய வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கோவிச்சுக்காம கேளுங்க, நீங்க நம்ம மதுரை தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி பாக்குற மாதிரி பாத்துட்டு வந்திருக்கீங்க. சித்திரைல பொருட்காட்சி போட்டா நாம எப்படிப் போவோம்? உள்ள நுழஞ்சா வரிசையா ஒவ்வொரு ஸ்டாலும், ஒண்ணு விடாம, ஏன்னா டிக்கெட் எடுத்தாச்சு. கடைசில டெல்லி அப்பளம் தின்னுட்டு வெளிய வருவோம். அப்பளம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

இது உங்க ஒருத்தர் குத்தம் இல்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஜனங்க ஒரு படத்து முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு கடிகாரம் வச்சு அளந்து 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு. சராசரி 27 விநாடி. அதுலயும் சரிபாதிப் பேர் 17 விநாடிக்குள்ள நகந்துட்டாங்க. அங்கயே அந்தக் கதி.

நான் பசங்களக் கூட்டிட்டுப் போனா என்ன பண்ணுவேன்னா, முதல்ல எங்கயும் நிக்காம ஒரு சுத்து நடக்கச் சொல்லுவேன். பத்து நிமிசம், பேச்சு கெடையாது, லேபிள் பக்கம் திரும்பக்கூடாது. முடிச்சுட்டு வந்தா கேப்பேன், எது உன்னத் திரும்பி வான்னு இழுத்துச்சு? மூணு சொல்லு. அழகா இருந்ததுதான்னு இல்ல, எரிச்சல் பண்ணுனதும் சேத்தி. அப்புறம் அந்த மூணுக்கு மட்டும் போவோம், ஒண்ணுக்குப் பத்து நிமிசம். மத்தத விட்டுடலாம். விடுறதுக்கு மனசு வராது, டிக்கெட் காசு உறுத்தும். உறுத்தட்டும்.

அந்தப் பத்து நிமிசத்துல முதல் ரெண்டு நிமிசம் பாத்தாச்சேன்னு தோணும். மூணாவது நிமிசம் போரடிக்கும். அந்த இடத்துலதான் எல்லாரும் நகந்துருவாங்க. நீங்க நகராதீங்க. வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது, படத்துல கண்ணு முதல்ல எங்க போய் விழுது, ஏன் அங்க விழுது, நாலு ஓரத்துலயும் என்ன இருக்கு. ஓரத்தை எவனும் பாக்குறதில்ல.

நீங்க காயில் கட்டுறவர்னு சொன்னீங்க. ஒரு மோட்டார அவுத்துப் போட்டு எங்க எரிஞ்சிருக்குன்னு எவ்வளவு நேரம் பாப்பீங்க?

---

கரிமேட்டுக்காரன் · ஞாயிறு, காலை 7:20

அது கிடக்கும் சார் அரை மணி முக்கா மணி. ஆனா அதுல எனக்கு எது எப்படி இருக்கணும்னு தெரியும், தெரிஞ்சதால தப்பு கண்ணுல படும். இங்க எனக்கு எது எப்படி இருக்கணும்னே தெரியாதே.

---

தல்லாகுளம்_தம்பி · ஞாயிறு, காலை 9:48

அண்ணன் கேட்டது கரெக்ட்டு, இங்க நான் சார்கிட்ட இருந்து மாறுபடுறேன். லேபிள் பாக்காத, பாத்துக்கிட்டே இருன்னா எல்லாத்துக்கும் அது ஒத்து வராது. நான் ஹிஸ்டரி ஸ்டூடண்ட். எக்மோர்ல திருவெண்காடு அர்த்தநாரீசுவரர் இருக்கு, அண்ணன் அதைத் தாண்டித்தான் வந்திருப்பாரு. பாதி சிவன் பாதி உமைன்னு கதை தெரியாதவன் பாத்தா ஏதோ ஒரு பக்கம் இடுப்பு வளஞ்ச சிலைனு போயிருவான். கதை தெரிஞ்சா கையை எண்ணுவான். சிவன் பக்கம் ரெண்டு கை, அம்மன் பக்கம் ஒரே ஒரு கை, மொத்தம் மூணு. மூணு கை வச்சு ஒரு உடம்ப சாயாம நிக்க வைக்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு அதுக்கப்புறம்தான் தெரியும். எண்ணலேன்னா மூணுன்னே தெரியாது, அவ்வளவு இயல்பா செஞ்சிருப்பாங்க.

அப்புறம் இன்னொண்ணு, மதுரக்காரங்களுக்கு அந்த ஹால்ல ஒரு கூடுதல் சலுகை இருக்கு. நாம உற்சவ மூர்த்திய எப்பப் பாத்தாலும் பட்டும் பூவுமா அலங்காரத்தோட பாத்திருக்கோம், முகமும் கையும் தவிர ஒண்ணும் தெரியாது. மியூசியத்துலதான் முழு உடம்பும் தெரியுது, ஸ்தபதி என்ன செஞ்சான்னு அப்பதான் தெரியும். பீடத்துல ஓட்டையும் வளையமும் இருக்கும் பாருங்க, அது புறப்பாட்டுக்குத் தண்டு கட்டுறதுக்கு. சாமி தூக்குறதப் பாத்து வளந்தவனுக்குத்தான் அது சட்டுனு தெரியும். நடக்குறதுக்குன்னு செஞ்ச சிலை, இப்ப கண்ணாடிக்குள்ள நிக்குது.

---

பிரஷ்_புடிச்ச_கை · ஞாயிறு, பகல் 1:15

லேபிள் சண்டைய விடுங்கப்பா. நான் சினிமா பேனர் வரஞ்சவன், அதுக்கு முன்னாடி கடை போர்டு, இப்ப ரெண்டும் இல்ல, ஃப்ளெக்ஸ் வந்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருச்சு, அது வேற கதை. ஒரு விசயம் சொல்றேன்.

நாங்க இருவதடி முகம் வரைவோம். சின்ன ஸ்டில் மேல பென்சில்ல கட்டம் போட்டு அதே கட்டத்த பெருசா துணில போட்டு ஒவ்வொரு கட்டமா எடுத்துக்கிட்டே போவோம். சாரத்துல நிக்கிறவனுக்கு முகமே தெரியாது. கன்னத்துல ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் ஊதா, மூக்கு நுனில வெள்ளைத் தீத்தல், கிட்ட நின்னு பாத்தா ஏதோ சுவத்துல பெயிண்டு கொட்டுனாப்ல இருக்கும். எங்க மேஸ்திரி ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடைல நின்னு கத்துவாரு, "லேய் எறங்கி வந்து பாரு"ன்டு. எறங்கிப் போய் டீக்கடைல நின்னு திரும்புனா முகம் சிரிக்கும்.

அதனால கேலரில நின்ன எடத்துலயே நிக்காதீங்க. எட்டிப் போங்க, படம் கைக்குள்ள அடங்குற தூரம் வரைக்கும். அப்புறம் கிட்ட வாங்க, தொடுற தூரம் வேணாம், திட்டுவாய்ங்க. அப்புறம் பக்கவாட்டுல போய் சுவரோட ஒட்டி நின்னு சாஞ்சு பாருங்க, பெயிண்டு மேடு பள்ளமா எந்திரிச்சு நிக்கும், பிரஷ் எந்தப் பக்கம் ஓடியிருக்கு, எங்க கத்தியால இழுத்திருக்கான், எங்க தப்பாகி மேல பூசியிருக்கான் எல்லாம் அங்க தெரிஞ்சிரும். வரஞ்சவன் கைய அங்கதான் பிடிக்கலாம். உங்க காயில் கண்ணுக்கு அது நல்லாவே தெரியும்ணே, எது எப்படி இருக்கணும்னு தெரிய வேணாம், எப்படிச் செஞ்சிருக்கான்னு பாருங்க போதும்.

---

நைட்டூட்டி · ஞாயிறு, மாலை 4:40

கால் வலிய யாரும் கண்டுக்கலயே, நான் சொல்றேன், நர்ஸ். மியூசியம்ல வர்ற அசதி தனி ரகம். நின்னு, ரெண்டடி வச்சு, திரும்ப நின்னு, குனிஞ்சு. பத்து கிலோமீட்டர் நடக்குறவங்களுக்குக்கூட அது தாங்காது. இதுக்கு மியூசியம் அசதின்னே பேர் வச்சு 1916லயே கில்மன்னு ஒருத்தர் அமெரிக்கால கட்டுரை எழுதிட்டாரு, லேபிள் படிக்க ஒரு ஆள் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்குன்னு போட்டோ புடிச்சுப் போட்டு. படிக்கும்போது சிரிப்பா இருக்கும், நம்ம வார்டு மாதிரியே.

அதனால அண்ணா, சாப்பிட்டுப் போங்க, ஆனா கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் போகாதீங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வேணாம். பெஞ்சு எங்க இருக்குன்னு முதல்ல பாத்து வச்சுக்கோங்க. பெஞ்சு எந்தப் படத்துக்கு எதிர்ல போட்டிருக்கோ அத உக்காந்து பாருங்க, அதுவே ஒரு வழி.

நான் நைட் முடிஞ்சு சில நாள் நேரா மீனாட்சி கோயிலுக்குப் போவேன். கம்பத்தடி மண்டபத்துல திருக்கல்யாணச் சிலை இருக்குல்ல, பெருமாள் தாரை வார்க்குறது. மதுரைல காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ், எதுல இல்ல அது? அதனாலயே நாம பாக்குறதில்ல. ஒரு நாள் களைப்புல தூண்ல சாஞ்சு உக்காந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். மீனாட்சி தலைய லேசாக் குனிஞ்சிருக்கா. மூணு பேர்ல அவ மட்டும்தான் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி நிக்கிறா. எனக்கு என் கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா கை நடுங்குனது ஞாபகம் வந்திருச்சு, அழுகையே வந்திருச்சு. ஓவியம் சிற்பம் எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா.

---

கரிமேட்டுக்காரன் · ஞாயிறு, இரவு 9:02

எல்லாருக்கும் நன்றி, இம்புட்டு பேர் எழுதுவீங்கன்டு நினைக்கல. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, சில எடத்துல ஏன் இப்படி இருட்டா வச்சிருக்காய்ங்க, கரண்டு மிச்சம் பண்றாய்ங்களா? ரெண்டு, போட்டோ எடுக்குறது தப்பா? வீட்ல போய் நிதானமா பாக்கலாம்னுதான எடுக்குறோம்.

---

டிராயிங்_சார் · திங்கள், காலை 6:10

இருட்டா வச்சிருக்குறது காரணத்தோடதான். காகிதத்துல வரஞ்சது, வாட்டர் கலர், துணி, இதெல்லாம் வெளிச்சத்துல வெளுத்துப் போகும், போனா திரும்ப வராது. அதனால அதுக்கு 50 லக்ஸ் அளவுதான் வெளிச்சம் வைப்பாங்க, ஆயில் பெயிண்டிங்னா 200 வரைக்கும் போகலாம். உள்ள நுழஞ்ச உடனே ஒண்ணும் தெரியாது. கண்ணு பழக கொஞ்ச நேரம் கொடுங்க, வெயில்ல இருந்து கோயில் பிரகாரத்துக்குள்ள போறப்ப செய்யிற மாதிரி.

போட்டோ பத்தி லிண்டா ஹென்கெல்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியை சோதிச்சுப் பாத்து 2014ல எழுதியிருக்காங்க. மியூசியத்துல போட்டோ எடுத்த பொருள விட, சும்மா பாத்த பொருள்தான் ஜனங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சாம். கேமரா பாத்துக்கும்னு மனசு விட்டுருது. ஆனா ஒரு சின்ன இடத்த மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு ஞாபகம் குறையல. ஏன்னா ஜூம் பண்ண ஒரு இடத்தத் தேர்ந்தெடுக்கணும், தேர்ந்தெடுக்கப் பாக்கணும். எடுக்கணும்னா கடைசில எடுங்க, மூணே மூணு. மீனாட்சி கோயில்ல போன் உள்ள விடுறதில்லன்னு எல்லாரும் புலம்புறாங்க, எனக்கு அந்த ஒரு விசயத்துல சந்தோசம்தான்.

---

வெட்டிப்பேச்சு · திங்கள், பகல் 11:25

சிலையெல்லாம் சரி. சாமி, கதை, இருக்குது. அண்ணன் முதல்ல போன கேலரி பத்தி யாரும் பேச மாட்டேங்குறீங்க பாத்தீங்களா. தலைப்பு இல்லைன்டு ஒரு சிவப்புச் சதுரம், கீழ நாலு கோடு. அதுக்கு ஒன்றரை லட்சம். எங்க அக்கா மகன் இதவிட நல்லா கிறுக்குவான். எட்டி நின்னாலும் சதுரம்தான் கிட்டப் போனாலும் சதுரம்தான்.

---

தல்லாகுளம்_தம்பி · திங்கள், பகல் 12:50

சரி ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரில பிரின்சிபாலா இருந்தவரு, 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சவரு. ஈஞ்சம்பாக்கத்துல இருக்கு, ஈசிஆர்ல போனா யாரும் பாக்கலாம். அவர் அறுபதுகள்ல இருந்து ஒரு வரிசை வரஞ்சாரு, 'வார்த்தைகளும் குறியீடுகளும்'னு. படம் பூரா எழுத்து. கிட்டப் போய் படிக்கப் பாத்தா ஒரு எழுத்தும் படிக்க முடியாது, எந்த மொழியும் இல்ல. நடுநடுவுல கட்டம் கட்டமா, ஜாதகக் கட்டம் மாதிரி, மீனு, பாம்பு.

நான் முதல்ல பாத்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஆச்சி. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜாதக நோட்ட எடுத்து மடில விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு கட்டமா விரல வச்சு பாக்கும். ஒண்ணும் புரியாது, ஆனா அதுல எல்லாருடைய தலையெழுத்தும் இருக்குன்னு அதுக்குத் தெரியும். அந்தப் படத்து முன்னாடி நான் ஆச்சி மாதிரி நின்னேன். பணிக்கர் அதைத்தான் நினைச்சாருன்னு நான் சொல்ல வரல.

---

வெட்டிப்பேச்சு · திங்கள், பகல் 1:04

இது கொஞ்சம் நல்லாருக்கு. ஆனா சதுரத்துக்கு பதில் வரல.

---

பிரஷ்_புடிச்ச_கை · திங்கள், பகல் 2:30

சதுரத்துக்கு நான் சொல்றேன். அது மோசமான படமாக்கூட இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? போர்டு எழுதுறவன்லயும் மோசமானவன் இருந்தான், பேனர்லயும் இருந்தான், ஏசி ரூம்ல மாட்டுனா எல்லாம் நல்ல படம் ஆயிருமா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டு அடுத்ததுக்கு நடங்க. ஆனா பத்து நிமிசம் நின்னுட்டுச் சொல்லுங்க, பத்து விநாடில சொல்லாதீங்க. நான் அப்படி நின்னு பாத்து ஒரு படத்த ரொம்பத் திட்டியிருக்கேன், இன்னைக்கும் அது கண்ணுக்குள்ளயே நிக்குது, அது என்ன கணக்குன்னு தெரியல.

---

மாசிவீதி_மீனா · திங்கள், இரவு 8:15

லேட்டா வர்றேன். கரிமேட்டுக்கார அண்ணே, டெஸ்க்ல ஒரு பொண்ணு தலையத் தூக்கிப் பாத்துட்டுக் குனிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த மாதிரிப் பொண்ணு நான். மெட்ராஸ்ல ஒரு கேலரில ரெண்டு வருசம் வேலை பாத்தேன், கல்யாணத்துக்கப்புறம் மதுரைக்கு வந்துட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு சொல்றேன்.

முதல்ல, தனியார் கேலரிக்கு பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. அது கடை. ஜவுளிக்கடைல நாம ஐம்பது சேலைய எடுத்துப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் வாங்காம வருவோம்ல, அங்க வராத கூச்சம் இங்க மட்டும் ஏன் வருது? நாங்க உங்கள எடை போடல. குனிஞ்சது எக்ஸெல் ஷீட்டுக்காக. சத்தியமா சொல்றேன், சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆள் வந்து "இது எப்படிங்க செஞ்சாங்க"ன்னு கேட்டா சந்தோசமா எந்திரிச்சு வருவோம், ஏன்னா காலைல இருந்து பேச ஆளே இல்ல. சில நாள் ஆர்ட்டிஸ்டே உள்ள உக்காந்திருப்பாங்க, யாரும் கேக்குறதில்ல.

லேபிள் ஓரத்துல சின்ன சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தா வித்துப் போச்சுன்னு அர்த்தம். விலை சுவத்துல இருக்காது, டெஸ்க்ல லிஸ்ட் இருக்கும், கேக்கலாம், வாங்கணும்னு அவசியமே இல்ல. திறப்பு விழா அன்னைக்குப் போனா டீ சமோசா கிடைக்கும், படம் கிடைக்காது, எல்லாரும் படத்துக்கு முதுகு காட்டி நின்னு பேசிக்கிட்டிருப்பாங்க. வேலை நாள் மத்தியானம் ரெண்டு மணி, மூணு மணிக்குப் போங்க. எக்மோர் மியூசியம்னா வெள்ளிக்கிழமை லீவு, அது தெரியாம எத்தனையோ பேர் ஆட்டோ புடிச்சுப் போய் திரும்பியிருக்காங்க.

இனி உங்க மக விசயம். நல்லா வரைவான்னு சொன்னீங்க, அப்புறம் போட்டோ எதுக்கு? ஒரு நோட்டு, ஒரு பென்சில் குடுங்க. பேனா வேணாம், மியூசியம்ல பேனா மை விடுறதுக்கு யோசிப்பாங்க, பென்சில்னா பிரச்சனை இல்ல. முழுச் சிலையும் வேணாம், ஒரு கை மட்டும் வரையச் சொல்லுங்க. ஒரு கைய வரைய அவ அதை நூறு தடவை நிமிந்து பாக்கணும். வேற எதுவும் நீங்க சொல்லிக் குடுக்கவே வேணாம். "புரிஞ்சுதா"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க.

---

டிராயிங்_சார் · செவ்வாய், காலை 6:00

மீனா சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை. மதுரைலயே பிறந்து வளந்த மனோகர் தேவதாஸ், 2022 கடைசில காலமானாரு. விழித்திரை நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிக்கிட்டே இருந்தது, அந்த நிலைமைலயே நம்ம கோயிலையும் வீதியையும் ஆனைமலையையும் கறுப்பு மைல கோடு கோடா வரஞ்சவரு. அவர் படத்த அச்சுல பாத்தீங்கன்னா ஒரு கோபுரத்துல எத்தனை கோடுன்னு மலைப்பா இருக்கும். பார்வை சரியா இருக்குற நான் தெனமும் அந்தக் கோபுரத்தத் தாண்டிப் போறேன்.

கரிமேட்டுத் தம்பி, அடுத்து மெட்ராஸ் போற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போங்க. பேருதான் ஆயிரம், இருக்குறது 985 தூண். அதுல பேடி அர்ச்சுனன் ஒரு தூண்ல இருப்பாரு, தாடியும் இருக்கும், பெண் உடம்பும் இருக்கும். அவர் ஒருத்தர மட்டும் பாத்துட்டு வாங்க. மத்த 984ஐ அடுத்த வாரம் பாக்கலாம்.

---

கரிமேட்டுக்காரன் · வியாழன், இரவு 10:40

போயிட்டு வந்தேன். மகளையும் கூட்டிட்டுப் போனேன், பென்சில் நோட்டோட.

சார் சொன்ன அர்ச்சுனன் கிட்ட நின்னேன். மூணாவது நிமிசம் போரடிக்கும்னீங்க, எனக்கு ஒண்ணரை நிமிசத்துலயே அடிச்சிருச்சு. நின்னேன். பிரஷ் அண்ணன் சொன்னாப்ல சைடுல போய் பாத்தேன், அங்கதான் புடிச்சேன், தாடிய ஒவ்வொரு முடியா கோடு இழுத்திருக்கான், கருங்கல்லுல! நான் மெல்லிசான கம்பி சுத்துறப்பவே கை நடுங்குது. உளி ஒரு தடவை வழுக்குனா அம்புட்டும் போச்சு, அந்த ஆளுக்கு திரும்ப சுத்துறதெல்லாம் கிடையாது. இதை நெனச்சதுக்கப்புறம் அங்கிட்டு நகரவே முடியல. வாட்ச்ல பாத்தா இருவத்தஞ்சு நிமிசம்.

அப்புறம் என் மக ஒண்ணு கண்டுபிடிச்சா. அதே கோயில்ல வெள்ளியம்பலத்துல நடராசரப் பாத்துட்டு, "அப்பா மெட்ராஸ்ல பாத்தது இந்தக் காலு இல்ல"ன்டா. எனக்கு வெளங்கல. வீட்டுக்கு வந்து அந்த நூத்தி நாப்பது போட்டோவத் தேடுனோம், முதல் தடவையா திறந்தேன், ஆமா, அங்க இடது காலத் தூக்கியிருக்காரு, இங்க வலது கால். எனக்கு கால் மாறி ஆடுன கதை சின்ன வயசுல இருந்து தெரியும், ராசசேகர பாண்டியன் ஒரே காலத் தூக்கி நின்னா வலிக்குமேன்டு வேண்டிக்கிட்டது, சாமி கால மாத்துனது. கதை தெரியும், சிலையும் நூறு தடவை பாத்தாச்சு, ரெண்டையும் சேத்துப் பாத்ததே இல்ல. ஏழாங்கிளாஸ் புள்ள சொல்ல வேண்டியிருக்கு.

---

தல்லாகுளம்_தம்பி · வியாழன், இரவு 10:58

பாத்தீங்களா சார், கதை தெரியாட்டி அது வெறும் கால்தான்.

---

டிராயிங்_சார் · வெள்ளி, காலை 5:55

பாத்தீங்களா தம்பி, பாக்காட்டி அது வெறும் கதைதான்.

(பஸ்ல ஏறி தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துக்குப் போங்க கரிமேட்டுத் தம்பி. திருவெண்காட்டுல கிடைச்ச ரிஷபவாகனர் இருக்காரு, ராஜராஜன் காலம், 1011ம் வருசம். அவரைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். லேபிள்ல பேரையும் படிக்காதீங்க, நான் சொன்னதையும் மறந்துருங்க. மகள முதல்ல பாக்க விடுங்க.)

---

வெட்டிப்பேச்சு · வெள்ளி, காலை 9:30

மதுரைல இருந்து தஞ்சாவூருக்கு ஒரு சிலை பாக்க நாலு மணி நேரம் பஸ்ஸு. நல்லா இருங்கய்யா.

---

கரிமேட்டுக்காரன் · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:15

போனோம். மாட்டுத்தாவணில காலைல ஏறுனது, இப்பதான் வந்து எறங்குனோம், கால் வலிதான், நைட்டூட்டி தங்கச்சி சொன்ன மாதிரி நடுவுல ரெண்டு தடவை உக்காந்தோம்.

அங்கயும் முதல்ல ஒரு சுத்து நடந்தோம், எதையும் படிக்காம. என் மக மூணு சொன்னா, நான் மூணு சொன்னேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணு பொதுவா வந்துச்சு. தலைல பாம்பச் சுத்தி தலைப்பா மாதிரி கட்டுன ஒரு ஆளு, கால மாத்திப் போட்டு ஒயிலா நிக்கிறாரு. சிவன்னு அடையாளமே தெரியல, எங்கூரு மைனர் ஒருத்தர் டீக்கடைல சாஞ்சு நிக்கிற மாதிரி இருந்துச்சு. சாமி குத்தம் ஆயிராதுன்டு நினைக்கிறேன்.

மக கைய வரைய ஆரம்பிச்சா. வலது கைய வரஞ்சா, அழிச்சா, வரஞ்சா, அழிச்சா. "அப்பா இந்தக் கை சும்மா நிக்கல, எது மேலயோ சாஞ்சிருக்கு, ஆனா அங்க ஒண்ணும் இல்ல"ன்டா. நானும் பாத்தேன், ஆமா, முழங்கை மடங்கி உள்ளங்கை கீழ பாத்துக்கிட்டு, காத்துல சாஞ்சு நிக்கிறாரு. அப்புறம்தான் லேபிளப் படிச்சோம். ரிஷபவாகனர். மாட்டு மேல கைய ஊனி நின்னிருக்காரு, மாடு இப்ப இல்ல.

அவ நோட்டுல அந்தக் கைக்குக் கீழ ஒரு மாடு வரஞ்சிருக்கா. எங்க அய்யா வீட்டுல நின்ன மயிலக்காளை அது, அவ பொறக்குறதுக்கு முன்னாடியே வித்தாச்சு, போட்டோல பாத்திருக்கா.

போட்டோ மூணே மூணு எடுத்தேன் சார். மூணுமே அந்தக் கைதான்.

---

மாசிவீதி_மீனா · ஞாயிறு, இரவு 9:50

அந்த நோட்டுப் பக்கத்த தயவுசெஞ்சு இங்க போடுங்கண்ணே.

---

பிரஷ்_புடிச்ச_கை · ஞாயிறு, இரவு 10:05

அந்தப் புள்ளைக்கு நான் கட்டம் போட்டுப் பெருசாக்குறது சொல்லித் தர்றேன். காசு வேணாம். சுவரு மட்டும் நீங்க குடுங்க.

---

தல்லாகுளம்_தம்பி · ஞாயிறு, இரவு 10:20

எல்லாரும் ஒரு நாள் சேந்து போவோமா? சித்தன்னவாசல் எனக்கு ரொம்ப நாள் ஆசை, புதுக்கோட்டை பக்கம். அங்க மேக்கூரைல தாமரைக்குளம், பூப்பறிக்கிற ஆளுங்க, மீனு, யானை எல்லாம் இருக்கு, அந்தக் கோயிலப் புதுப்பிச்சவர் மதிரை ஆசிரியன் இளங்கௌதமன்னு கல்வெட்டுலயே இருக்கு, 9ம் நூற்றாண்டு. நம்ம ஊர் வாத்தியாரு சார் அவரு! ஆனா அது ஒரு நாள் முழுக்க வேணும். அதுக்கு முன்னாடி ஒத்திகையா அழகர்கோயில் வசந்த மண்டபம் போவோம், மேக்கூரைல ராமாயணம் வரஞ்சிருக்கு, நாயக்கர் காலம், ஒவ்வொரு காட்சிக்கும் கீழ தமிழ்லயே எழுதியிருக்காங்க. சாரு லேபிள் படிக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாது, படத்துக்குள்ளயே இருக்கு.

---

டிராயிங்_சார் · திங்கள், காலை 6:02

முதல்ல படம். அப்புறம் எழுத்து. இதுல மாத்தமில்ல.

அடுத்த ஞாயிறு போவோம். மண்டபம் திறந்திருக்குமான்னு முன்னாடியே கேட்டு வைக்கணும், அதை நான் பாத்துக்குறேன். ஒரு முகம் பாக்குற கண்ணாடி கொண்டு வாங்க, கொஞ்சம் பெருசா. மேக்கூரைய அண்ணாந்தே பாத்தா பத்து நிமிசத்துல கழுத்து போயிரும், கண்ணாடிய இடுப்பளவுல படுக்க வச்சுப் பிடிச்சா குனிஞ்சே மொத்தத்தையும் பாக்கலாம். எழுத்து தலைகீழா தெரியும், தம்பிக்கு அது நல்லதுதான்.

---

நைட்டூட்டி · திங்கள், காலை 7:45

சனி நைட் டூட்டி முடிச்சு நேரா வர்றேன். பெரியார்ல இருந்து எத்தனை மணிக்கு பஸ்ஸு? கழுத்து வலிக்கு ஆயின்மெண்ட் நான் கொண்டாறேன்.

---

வெட்டிப்பேச்சு · திங்கள், காலை 8:10

கண்ணாடி எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, பீரோக் கதவுல இருந்து கழண்டது, ரெண்டடிக்கு ஒண்ணரையடி. தூக்கிட்டு வரணும்னா பைக்ல பின்னாடி ஒரு ஆள் வேணும். யாரு வர்றீங்க?